இறப்புக்குப் பின் பிரிக்கவும்

முதலில் யார் யார் வந்திருந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுவதுதான் முறை. பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலி வரிசையே காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆறாவது மாடி, நீள்வட்ட மேசை. மேசையின் தலைமாட்டில் தலைவர். ஓய்வு பெற்ற நீதிபதி. முதுகுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை. அவருக்கு வலப்பக்கம் வரையறை நிபுணர், எந்தச் சொல்லையும் நாலாக வெட்டாமல் விழுங்காதவர். இடப்பக்கம் தீக்காய டாக்டர், அவர் முன்னால் வண்ணப் படங்கள் அடங்கிய மடிக்கணினி. டாக்டருக்கு அடுத்து, குறிப்பெடுக்கும் செயலாளர். செயலாளருக்கு எதிரே "மகளிர் உறுப்பினர்" என்று பலகை வைத்த நாற்காலி. அதில் தலைவரின் கைப்பையும் குடையும் உட்கார்ந்திருந்தன. குழு தொடங்கிய நாளிலிருந்து அந்த இடத்துக்கு ஆள் நியமிக்கவில்லை.

சன்னலோரம் மெத்தை வைத்த மூன்று நாற்காலிகள். அவற்றின் மேல் "அனுபவமுள்ள குடும்பம்" என்று ஒரு பலகை. அங்கே ஒரு மகன், அவன் தாய், அவனுடைய புது மனைவி.

கதவோரம் ஓர் இரும்பு மடக்கு நாற்காலி. அதற்குப் பலகை இல்லை, முதுகில் "பாதிக்கப்பட்ட தரப்பு" என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். அவர் பக்கத்தில், உட்கார இடமில்லாமல் பியூன் நின்றிருந்தார்.

சன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த மகனின் முதல் மனைவி, லிஃப்ட்காரரின் மகள். வீட்டில் அவளைப் பட்டாணி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்தின்போது மோட்டார் சைக்கிள் கேட்டார்கள், கொடுத்தார். துணி துவைக்கும் மெஷின் கேட்டார்கள், கொடுத்தார். அப்புறம் கார் கேட்டார்கள். கார் வரவில்லை, பட்டாணியின் உடம்புதான் வந்தது, வெள்ளைத் துணியில் சுற்றி, முகத்தைத் திறந்து பார்க்க வேண்டாம் என்ற அறிவுரையோடு. ஸ்டவ் வெடித்தது என்றார்கள். கோர்ட்டும் பல மாதம் யோசித்து, ஸ்டவ்தான் வெடித்தது என்றது.

இப்படி ஊர் ஊராக ஸ்டவ்கள் வெடிப்பதும், அவை மருமகள்களை மட்டும் தேடிப் பிடித்து வெடிப்பதும் பேச்சாகிப்போனதால்தான் அரசாங்கம் இந்தக் குழுவைப் போட்டது. "மணமான பெண்களின் அகால மறைவு குறித்த குற்றச் சட்டத்தைத் திருத்தியமைக்கும் குழு" என்பது முழுப் பெயர். மறைவுக் குழு என்று சுருக்கிச் சொல்வார்கள். சட்டம் திருத்துவதற்கு இரு தரப்பின் அனுபவமும் வேண்டும் என்று இரு தரப்புக்கும் கடிதம் போயிற்று.

லிஃப்ட்காரர் வந்தது மகளுக்காக அல்ல. மாப்பிள்ளை மறுபடி கல்யாணம் செய்துகொண்டான் என்று காதில் விழுந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமாவது அந்தப் புதுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வாக்கியம் தயார் செய்து மனைவி முன்னால் ஒப்பித்தும் பார்த்திருந்தார்.

"செத்தவளுக்காக வரலீங்க. இருக்கிறவளுக்காக வந்திருக்கேன்."

"அதை மொதல்ல சொல்லிடுங்க. நீங்க பேச ஆரம்பிச்சா ஊரைச் சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவீங்க" என்று மனைவி எச்சரித்து அனுப்பினாள்.

ஆனால் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு முன்னாலேயே குழு அவருக்கு வேறு வேலை கொடுத்துவிட்டது. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓட்டுநர் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பதவி நிரப்பப்படவில்லை. லிஃப்ட் கதவில் "ஆள் இல்லை" என்ற அட்டை நெடுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் செயலாளர் வாசலில் காத்திருந்து சாவியை அவர் கையில் திணித்தார்.

"நீங்க லிஃப்ட்காரராமே? இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பாத்துக்குங்க. தலைவருக்கு மூட்டு வலி. உங்க துக்கத்துல குழுவும் பங்கெடுக்குதுன்னு வச்சுக்குங்களேன்."

எனவே பாதிக்கப்பட்ட தரப்பு, தலைவரை மேலே ஏற்றியது. நிபுணரை ஏற்றியது. டாக்டரையும், அவருடைய பிஸ்கட் டப்பாவையும் ஏற்றியது. கடைசி முறை கதவு திறந்தபோது, பழக்க தோஷத்தில் "எந்த மாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆறு, மாமா" என்றான் மாப்பிள்ளை. மரியாதையான பையன்.

"என்ன சம்பந்தி, இப்படி இளைச்சுட்டீங்க? ஒழுங்கா சாப்பிடறதில்லையா?" என்று உள்ளே வந்தாள் அவன் தாய்.

லிஃப்டின் பின்சுவரில் ஒரு கண்ணாடி. அதில் புதுப் பெண்ணைப் பார்த்தார். வெயில் கொளுத்தும் நாளில் மணிக்கட்டுவரை மூடிய கை. காது ஓரத்தில், பவுடர் போட்டு மறைத்த ஒரு நீலம். நடுவில் விளக்கு ஒருமுறை மினுங்கியதும் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ கொஞ்சம் பயந்தாங்கொள்ளி" என்றாள் மாமியார். "உங்க பொண்ணு எவ்வளவோ பரவாயில்ல. கடைசிவரைக்கும் எதிர்த்துப் பேசினா."

லிஃப்ட்காரரின் கை பொத்தானின் மேலேயே இருந்தது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்டை நிறுத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நிறுத்தி என்ன செய்வது என்று தோன்றவில்லை. ஆறாவது மாடி வந்துவிட்டது.

தலைவர் தொண்டையைக் கனைத்துத் தொடக்கவுரை ஆற்றினார்.

"நண்பர்களே, இந்தச் சட்டத்துக்கு இருக்கிற ஒரே குறை, அதுல உணர்ச்சி ஜாஸ்தி. அப்பா அழறாரு, அம்மா மாரடிச்சுக்கறாங்க, பத்திரிகைக்காரன் படம் போடறான். இவ்வளவு சத்தத்துல சட்டம் எப்படி யோசிக்கும்? இறந்தவங்களைப் பாருங்க. எவ்வளவு அமைதி! அதனாலதான் நான் பதவியில இருந்த காலத்துல அவங்களோட எனக்கு ஒரு சங்கடமும் வந்ததே இல்ல."

கைதட்டல். லிஃப்ட்காரர் எழுந்து நின்றார்.

"ஐயா, செத்தவளுக்காக வரலீங்க. இருக்கிறவளுக்காக..."

"எந்த இருக்கிறவ?"

"இதோ, இந்தப் பொண்ணு."

தலைவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு புதுப் பெண்ணைப் பார்த்தார். "ஏன், இவங்களுக்கு என்ன? உயிரோடதானே இருக்காங்க?"

"ஆமாங்க, அதனாலதான்..."

"பெரியவரே, நம்ம குழுவோட பேர் என்ன? மறைவு. அவங்க மொதல்ல மறையட்டும். அவங்க விஷயம் தானா நம்ம மேசைக்கு வரும். வராமப் போகாது, கவலைப்படாதீங்க. உக்காருங்க. நன்றியுரைக்கு முன்னாடி உங்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கு."

அவர் உட்கார்ந்தார். மடக்கு நாற்காலி பாதி மடங்கியது. பியூன் பின்னால் முட்டுக்கொடுத்தார்.

வரையறை நிபுணர் எழுந்தார். "வரதட்சணைன்னா என்ன? இந்த வழக்கையே எடுத்துக்குவோம். கார் கேட்டாங்க. கார் வந்துச்சா? வரல. வராத பொருள் எப்படி வரதட்சணை ஆகும்? சரி, வந்திருந்தா? கேட்டது கிடைச்ச பிறகு யாராவது கோபப்படுவாங்களா? ஆகவே வந்தாலும் குற்றமில்லை, வராவிட்டாலும் குற்றமில்லை. மோட்டார் சைக்கிள், மெஷின் இதெல்லாம் அன்பளிப்பு."

"அன்பா ஒண்ணும் குடுக்கலீங்க. குடுக்கலேன்னா பொண்ணு கையை ஒடிப்போம்னாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"ஒடிச்சாங்களா?"

"ஒடிச்சாங்க."

"மெஷின் குடுத்த பிறகா, முன்னாடியா?"

"முன்னாடி."

"பாருங்க! அப்ப மெஷின் குடுத்ததுக்கும் கை ஒடிஞ்சதுக்கும் சம்பந்தமே இல்ல." நிபுணர் திருப்தியோடு ஒரு பிஸ்கட் எடுத்தார். "அடுத்து, மரணம். இயற்கையா, செயற்கையா? நெருப்புப் பட்டா தோல் உரியும், மூச்சு முட்டும், உயிர் போகும். இதுல எது இயற்கைக்கு விரோதம்? நெருப்பு பட்டும் சாகாம இருந்தாத்தான் அது செயற்கை."

டாக்டர் இதை முழுமனதோடு ஆமோதித்து, தம் பங்குக்குப் படங்களைச் சுவரில் ஓடவிட்டார். முதல் படம் ஒரு கை, கை என்று சொன்னால்தான் கை என்று தெரியும். இரண்டாவது ஒரு முதுகு. மூன்றாவது படத்தில் காதில் உருகிப் பிடித்துக்கொண்டிருந்த சின்னத் தோட்டை லிஃப்ட்காரர் அடையாளம் கண்டுகொண்டார். அவர் வாங்கிக் கொடுத்தது.

"இது எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு" என்றார் டாக்டர். "ஆனா ஒரு சந்தேகம். ஸ்டவ் வெடிச்சா காயம் கீழேயிருந்து மேலே போகணும். இதுல தலையிலிருந்து கீழே வந்திருக்கு. விஞ்ஞானத்துக்கு இது ஒரு புதிர்."

புதிர் என்றதும் குழு சுறுசுறுப்பானது. செய்முறை விளக்கம் ஒன்று நடத்திவிடுவது என்று ஏற்கெனவே நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பியூன் ஒரு ஸ்டவ்வையும், மண்ணெண்ணெய் கேன் ஒன்றையும், துணிக்கடையிலிருந்து கடன் வாங்கிய ஒரு பெண் பொம்மையையும் கொண்டுவந்து நடுவில் வைத்தார். பொம்மைக்கு மூக்கும் முழியும் லட்சணம். ஒரு கை எதையோ வேண்டாம் என்பதுபோல் நீட்டியபடி.

ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பொம்மையைப் பக்கத்தில் நிறுத்தி, குழுவினர் மேசைக்குப் பின்னால் பதுங்கிக் காத்திருந்தார்கள். ஸ்டவ் சாதுவாக எரிந்தது. காற்று அடித்துப் பார்த்தார்கள். காலால் உதைத்துப் பார்த்தார்கள். தலைவர் தம் குடையால் அதன் மண்டையில் நாலு போடு போட்டார். "வெடி! வெடின்னா வெடிக்கணும்!" என்று அதட்டினார். முப்பது வருடம் சாட்சிகளை அதட்டிப் பழகிய குரல். ஸ்டவ் மசியவில்லை.

அனுபவமுள்ள குடும்பத்தின் தாய்க்குப் பொறுக்கவில்லை. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவள், அடுத்தவர் கரண்டி பிடிக்கும் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பாள்?

"ஐயோ, தள்ளுங்க. அதெல்லாம் தானா வெடிக்காதுங்க. எங்க வீட்லயும் எங்க வெடிச்சுது?"

லிஃப்ட்காரரின் நாற்காலி டமாரென்று மடங்கிக் கீழே விழுந்தது. அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டிருந்தார்.

"கேட்டீங்களா ஐயா? இப்பச் சொன்னாங்களே!"

"கேட்டேன்" என்றார் தலைவர். முகம் சுருங்கியது. "செயலாளர், இந்த அம்மா பேசறதுக்கு நிரல்ல எத்தனையாவது இடம்?"

"மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஐயா."

"அப்ப இது பதிவாகாது. அதோட, இது கோர்ட் இல்ல, குழு. குழுவில உண்மையைச் சொன்னா அதுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. அந்தத் தைரியத்திலதானே நாலு பேர் மனசு விட்டுப் பேச முடியுது? அம்மா, நீங்க தயங்காம மேல சொல்லுங்க. சட்டத்துக்கு உங்க மாதிரி ஆள்தான் வேணும்."

பாராட்டு யாருக்குத்தான் கசக்கும்? அவள் எழுந்து வந்து கையை உதறிக்கொண்டாள். "மொதல்ல கதவு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடணும். அப்புறம் டிவி சத்தமா வைக்கணும். எண்ணெய் தலையில ஊத்தணும், கால்ல ஊத்தினா மிதிச்சு ஓடிடுவாளுங்க. பையன் முடியைப் பிடிச்சுக்கணும், இல்லேன்னா திமிறுவா. பக்கத்துவீட்டுக்காரங்க வந்த பிறகு ஒரு போர்வையை எடுத்துக்கிட்டு நாம ஓடணும். கொஞ்சம் கையைச் சுட்டுக்கறது நல்லது."

"அதனாலதான் மேலேயிருந்து கீழே!" டாக்டர் துள்ளிக் குதித்தார். "புதிர் விடுபட்டது! அம்மா, இதை ஒரு கட்டுரையா எழுதினா உங்க பேரையும் சேர்த்துப் போடறேன்."

புதுப் பெண் நாற்காலியில் விறைத்துப்போயிருந்தாள். அவள் கண் கதவின் மேல் இருந்தது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அவள் கணவனின் நீட்டிய கால்.

பொம்மையின் தலையில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தார்கள். குப்பென்று எழுந்த தீ, கூரையைத் தொட்டது. பொம்மையின் சிரிப்பு முதலில் வழிந்தது. பிறகு மூக்கு, பிறகு நீட்டிய கை சொட்டுச் சொட்டாகக் கம்பளத்தில் விழுந்து அங்கேயும் எரிந்தது. திரைச்சீலை பற்றிக்கொண்டது. பியூன் கைக்குக் கிடைத்த கோப்புகளால் அடித்து அடித்து அணைத்தார். அவை பழைய மறைவுகளின் கோப்புகள், கனமாக இருந்ததால் தீ சட்டென்று அடங்கியது. கறுத்த புகைக்குள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது.

"பொம்மை கத்தவே இல்லையே? ஓடவும் இல்ல. இதை வச்சு ஒரு சட்டப் பிரிவை எப்படி எழுதறது? 'சம்மதத்தோட எரிஞ்சா'ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிடுவான்."

எல்லோர் பார்வையும் மெல்லச் சன்னலோரம் திரும்பியது.

"இவளை வேணா எடுத்துக்குங்க" என்றாள் மாமியார், பக்கத்துவீட்டுக்கு உரலைக் கடன் கொடுப்பதுபோல. "உயரமும் ஏறக்குறைய அவ உயரம்தான்."

"எண்ணெய் வேண்டாம், தண்ணி போதும்" என்றார் தலைவர், பெருந்தன்மையாக. "நாம மனுஷங்க."

செயலாளர் ஒரு சீட்டு எழுதினார். பியூன் கீழ்த்தள ஸ்டோருக்குப் போய்க் கேனோடு வந்தார். வரும்போதே அவர் மூக்கு சுருங்கியிருந்தது.

"ஐயா, இது தண்ணி மாதிரித் தெரியலீங்க. காலையில குடுத்த கேனையே ஸ்டோர்ல குடுத்துட்டாங்க போலிருக்கு."

"சீட்டுல என்ன எழுதியிருக்கேன்?" என்றார் செயலாளர்.

"தண்ணின்னு."

"ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"அப்ப தண்ணிதான். மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பிறகு அது எண்ணெயா இருக்க முடியாது."

மாமியார் அதற்குள் கேனைக் கவிழ்த்துவிட்டிருந்தாள். புதுப் பெண்ணின் தலையிலிருந்து அது பளபளவென்று இறங்கியது. கண் எரிந்து அவள் அலறினாள். "சத்தம் நல்லாருக்கு" என்று டாக்டர் குறித்துக்கொண்டார். அவள் கதவைப் பார்த்து ஓடினாள். கணவன் அவள் முடியைக் கையில் சுற்றி இழுத்து மேசை விளிம்பில் நெற்றியை மோதினான். மேசை அதிர்ந்து தலைவரின் டீ தளும்பியது.

"இங்க ஒரு இடி குடுத்தா கொஞ்ச நேரம் சும்மா இருப்பாங்க, சார்" என்று விளக்கினான். அவள் புருவத்திலிருந்து ரத்தம் எண்ணெயோடு கலந்து நிகழ்ச்சி நிரலின் மேல் சொட்டியது. அவன் இன்னொரு கை, தன்னை அறியாமல், சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. கை பழகிய வழியில் போயிற்று.

சக்கரம் ஒருமுறை உரசியது. பற்றவில்லை.

இரண்டாவது முறை உரசுவதற்குள் லிஃப்ட்காரர் மேசைமேல் ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டார். எப்படி ஏறினார் என்று பிறகு கேட்டால் அவருக்கே தெரியாது. மடக்கு நாற்காலி அவர் கையில் இருந்தது. அதன் விளிம்பு மாப்பிள்ளையின் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. லைட்டர் பறந்துபோய் மகளிர் உறுப்பினரின் நாற்காலியில் தலைவரின் குடைக்கடியில் விழுந்தது. இரண்டாவது அடி தாடையில். பல் ஒன்று பிஸ்கட் டப்பாவுக்குள் தெறித்தது. மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது பியூன் கட்டிப் பிடித்துக்கொண்டார், கொஞ்சம் தாமதமாக.

குழுவின் வரலாற்றில் இப்படி ஓர் அக்கிரமம் நடந்ததில்லை.

"எழுதுங்க" என்றார் தலைவர். செயலாளர் எழுதியதை அப்படியே இங்கே தருவது நல்லது: "பாதிக்கப்பட்ட தரப்பு, அனுபவமுள்ள குடும்பத்தின் மகனைக் காரணமின்றி நாற்காலியால் தாக்கியது. இது தவிர இன்றைய அமர்வில் வன்முறை எதுவும் நிகழவில்லை."

"ஐயா, அவன் கையில லைட்டர் இருந்துச்சு! அந்தப் பொண்ணு மேல எண்ணெய்!"

"தண்ணி" என்று திருத்தினார் செயலாளர்.

"மோந்து பாருங்க ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"மோப்பம் பிடிக்கறது குழுவோட வேலை இல்ல" என்றார் தலைவர். "உங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கலாம். துக்கத்தில இருக்கீங்கன்னு விடறேன். இப்படி உணர்ச்சிவசப்படறதாலதான் சட்டம் உங்களை விட்டு விலகிப் போகுது."

மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு முனகினான். டாக்டர் அவனுக்குக் கட்டுப் போட்டார். புதுப் பெண்ணின் புருவத்தை யாரும் கவனிக்கவில்லை. லிஃப்ட்காரர் தம் கைக்குட்டையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி அழுத்திக்கொண்டாள்.

அன்றைய மாபெரும் சீர்திருத்தம் அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான் பிறந்தது. தலைவர் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இந்தப் பெண்கள் செத்த பிறகு நாம சாட்சி தேடி அலையறோம். ஏன், அவங்க முன்கூட்டியே எழுதி வச்சிட்டா என்ன? கல்யாணமான ஒவ்வொரு பெண்ணும் தன் மரண வாக்குமூலத்தை உயிரோட இருக்கும்போதே எழுதி, உறையில போட்டு, முத்திரை வச்சு நம்ம ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிடணும். இறந்த மறுநாள் நாம பிரிச்சுப் பார்ப்போம். யார் கொன்னாங்க, எப்படின்னு எல்லாம் தயாரா இருக்கும்!"

"முன்னாடியே பிரிச்சுப் பாத்தா என்னங்க? காப்பாத்தலாமே?" என்றார் பியூன், வாய் தவறி.

நிபுணர் பரிதாபமாகச் சிரித்தார். "சாகறதுக்கு முன்னாடி பிரிச்சா அது மரண வாக்குமூலம் ஆகாது, தம்பி. வெறும் லெட்டர்."

முதல் வாக்குமூலம் அங்கேயே எழுதப்பட வேண்டும் என்று முடிவானது. புதுப் பெண்ணிடம் காகிதமும் பேனாவும் கொடுத்தார்கள். அவள் விரல் பட்ட இடமெல்லாம் காகிதத்தில் எண்ணெய் ஊறியது. மாமியார் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி எழுதற?"

"அம்மா, ரகசியம்" என்றார் தலைவர். "நாங்களே படிக்கக் கூடாது. அவங்க உயிரோட இருக்கிறவரைக்கும் யாரும் படிக்க மாட்டோம்."

"யாரும் படிக்க மாட்டீங்களா? அப்பச் சரி. எழுதிக்கடி, உனக்கு எவ்வளவு வேணுமோ எழுதிக்க."

அவள் ஒரே வரி எழுதி மடித்துக் கொடுத்தாள். செயலாளர் உறையில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் "இறப்புக்குப் பின் பிரிக்கவும்" என்று எழுதினார். முத்திரை வைக்க அரக்கை எடுத்தார். தீக்குச்சியைக் கிழித்தார்.

"நிறுத்துய்யா!" தலைவர் தலையணைகளோடு எழுந்துவிட்டார். "மூளை இருக்கா உனக்கு? அந்தக் காகிதம் பூரா மண்ணெண்ணெய்! அரசாங்க ஆவணம், பொறி பட்டா என்ன ஆகும்? நெருப்பை அந்தப் பக்கம் கொண்டுபோ!"

கடிதத்தைச் சன்னலோரம் காற்றில் காயவைத்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மணல் வாளிகளை வைத்தார்கள். டாக்டர் விசிறினார். அறையின் மறு மூலையில் அரக்கை உருக்கி, கரண்டியில் ஏந்தி, குழந்தைக்கு மருந்து கொண்டுவருவதுபோல் அடிமேல் அடிவைத்து வந்து முத்திரை குத்தினார்கள். தண்ணி என்று பதிவான திரவம் எப்போது மண்ணெண்ணெய் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பத்திரம்!

கூட்டம் கலைந்தது. நன்றியுரைக்கு முன் அவருக்கு ஒதுக்கிய நேரத்தை, நாற்காலி உடைந்த வகையில் கழித்துக்கொண்டார்கள்.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்று மாமியார் புதுப் பெண்ணின் கையைப் பற்றினாள். "இன்னிக்கு நீ போட்ட கூச்சலுக்கு வீட்ல வச்சுப் பேசிக்கலாம்."

கதவருகே செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு குறுக்கே வந்தார். "அம்மா, ஒரு நிமிஷம். இவங்க மேல வாசனை தாங்கல. தலைவரும் இதே லிஃப்ட்லதான் இறங்கணும். இவங்களை மட்டும் தனியா மொதல்ல இறக்கிடலாம். நீங்களும் பையனும் பயணப்படி ரசீதுல கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. நிபுணர் ஆலோசனைக் கட்டணமும் சேர்த்துப் போட்டிருக்கோம்."

மாமியார் யோசித்தாள். கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதும் கை தானாகத் தளர்ந்தது.

"கீழ வாசல்லயே நில்லு. எங்கேயாவது நகர்ந்தே..." மீதியைச் சொல்லாமல் விட்டுவிட்டு ரசீது மேசைக்குப் போனாள். மகன் இடக்கையால் கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டிருந்தான்.

லிஃப்ட் கதவு மூடியது. கண்ணாடியில் இருவர்.

"எந்த மாடி?" என்றார் லிஃப்ட்காரர்.

"கீழே" என்றாள் அவள். பிறகு, "உங்க பொண்ணு போன்ல உங்ககிட்டப் பேசுவாங்களா?"

"பேசுவா. கடைசியா, 'அப்பா, என்னைக் கீழ இறக்கி விடுப்பா'ன்னா. சின்னப் பிள்ளையில என் லிஃப்ட்ல ஏத்திக்கிட்டுப் போறப்ப அவ சொல்ற விளையாட்டு அது. போய்க் கூட்டிட்டு வரத்தான் லீவு கேட்டுக்கிட்டு இருந்தேன்." கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நீ என்னம்மா எழுதினே?"

"'நான் இன்னும் சாகல, யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க'ன்னு."

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது. அவர் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்தார். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த அட்டையை எடுத்து, தூசு தட்டி, பழைய ஆணியில் மாட்டினார். ஆள் இல்லை. சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வாசலில் தோட்டக்காரர் தண்ணீர் பிடிக்கும் குழாய். அவள் குனிந்தாள், அவர் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் எண்ணெயும் ரத்தமுமாய்ச் சாக்கடைக்கு ஓடியது. முகத்தை நிமிர்த்தியபோதுதான் அவள் எவ்வளவு சின்னப் பெண் என்று தெரிந்தது.

"எங்க போறது, ஐயா?"

"எங்க ஆஸ்பத்திரிக்கு. மொதல்ல தையல் போடணும். அப்புறம் எங்க வீடு. அங்க ஒரு அம்மா சாப்பிடாம உக்காந்திருப்பா."

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம். பியூன் உறையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். குழாயடியில் நின்றவர்களைப் பார்த்தார். லிஃப்டில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"மேல அந்த அம்மா பட்டனை அமுக்கிக்கிட்டே நிக்கறாங்க" என்றார். "படியில இறங்க மாட்டாங்களாம். லிஃப்ட் வரட்டும்கறாங்க."

"ஓடலன்னு சொல்லுங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? நான் தபாலுக்கு வந்தவன்." ஓர் ஆட்டோ திரும்புவதைப் பார்த்துக் கையைத் தட்டி நிறுத்தியவரும் அவர்தான். "சீக்கிரம் ஏறுங்க."

அவள் ஏறும் முன் உறையைப் பார்த்தாள். "அதைக் குடுத்துடுங்களேன். இனிமே எதுக்கு?"

"குடுக்க முடியாதும்மா. முத்திரை வச்சாச்சு. நீ செத்தாத்தான் பிரிக்கணும்" என்றார் பியூன். "பிரிக்காமயே கிடக்கட்டும்."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து, உறையைத் திருப்பி அரக்கு உலர்ந்துவிட்டதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தபால் பெட்டிக்குள் போட்டார்.